எச்.ஐ.வியும் இதயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏ.ஆர்.டி எனப்படும் எச்.ஐ.வி கூட்டு மருந்து எடுப்பவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவது என் வேலை. முன்பெல்லாம் காசநோய், சிடி4 (எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை), "இன்னும் எத்தனை வருஷம் இருப்பேன்" என்றே கேள்விகள் வரும். இப்போது கொழுப்பு மாத்திரை, பிரஷர், நெஞ்சுவலி, பக்கவாதம் என்று வருகிறது. மருந்து வேலை செய்து மனிதர்கள் ஐம்பதையும் அறுபதையும் தாண்டுவதால் வரும் கேள்விகள் இவை. அந்த வகையில் எனக்கு இவற்றைக் கேட்பதில் மகிழ்ச்சிதான்.

ஒரே சந்தேகம் பலர் வாயிலிருந்து வருவதால் எழுதி வைத்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மருத்துவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள்.

1. எச்.ஐ.வி எதிர்ப்பு சக்தியைத்தானே குறைக்கும்? இதயத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

எச்.ஐ.வி தாக்குவது எதிர்ப்புச் செல்களைத்தான். ஆனால் வைரஸ் உடம்பில் இருக்கும்வரை எதிர்ப்பு மண்டலம் ஓய்வில்லாமல் விழித்தே இருக்கிறது. வெளியே காய்ச்சலோ வலியோ தெரியாது. உள்ளே மட்டும் ஓர் அழற்சி தணலைப் போலக் கனன்றுகொண்டிருக்கும்.

அந்த அழற்சியில் ரத்தக் குழாயின் உட்சுவர் சேதமாகும்போது கெட்ட கொழுப்பு சுவருக்குள் புகுகிறது. அதை விழுங்க வரும் வெள்ளணுக்களும் அங்கேயே தங்கிவிடுகின்றன. இப்படித்தான் கொழுப்புத் திட்டு வளர்கிறது. திட்டின் மேல்படலம் ஒருநாள் கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும். எச்.ஐ.வி உள்ளவர்களிடம் சுண்ணாம்பு படியாத மென்மையான திட்டுகள் அதிகம் காணப்படுகின்றன. எளிதில் கிழியக்கூடியவை இந்த வகைதான்.

2. அப்படியென்றால் எனக்கு மாரடைப்பு கண்டிப்பாக வருமா?

வராது என்று உறுதி தர முடியாது; வந்தே தீரும் என்பதும் பொய். 2018-இல் பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு இதய, ரத்தக் குழாய் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தெரிந்தது.

"இரண்டு மடங்கு" என்றதும் பலர் முகம் வெளுத்துவிடுகிறது. எதன் இரண்டு மடங்கு என்று பார்க்க வேண்டும். புகைக்காத, பிரஷரோ சுகரோ இல்லாத முப்பது வயதுக்காரரின் ஆபத்து மிகச் சிறியது. அதை இரட்டித்தாலும் சிறியதுதான். ஐம்பத்தைந்து வயதில் புகைப்பவர், சுகரும் உள்ளவர் என்றால் அடிப்படை ஆபத்தே பெரியது. இரட்டிப்பு அங்கேதான் கனக்கும்.

3. மாரடைப்பும் பக்கவாதமும் ஒன்றுதானா?

அடிப்படைக் கோளாறு பெரும்பாலும் ஒன்றே, நடக்கும் இடம்தான் வேறு. இதயத் தசைக்கு ரத்தம் தரும் குழாய் அடைத்தால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாய் அடைத்தால் பக்கவாதம். மூளையில் குழாய் வெடித்து ரத்தம் கசிந்தாலும் பக்கவாதம் வரும். அதற்கான சிகிச்சை முற்றிலும் வேறு. இவை தவிர இதயச் செயலிழப்பும் இதயத் துடிப்பு தாறுமாறாவதும் எச்.ஐ.வி உள்ளவர்களுக்குச் சற்று அதிகம்.

4. வைரல் லோடு "கண்டறிய முடியாத அளவு" என்று வந்துவிட்டது. இன்னும் ஏன் பயப்பட வேண்டும்?

பயப்பட வேண்டாம், கவனம் போதும். ரத்தத்தில் வைரஸ் அவ்வளவு குறைந்துவிட்டது என்ற அந்த முடிவு உங்கள் ஆபத்தைப் பெரிதும் குறைத்திருக்கிறது. ஆனால் முழுதாகத் துடைத்துவிடவில்லை. நிணநீர்க் கணுக்களிலும் குடலிலும் வைரஸ் பதுங்கியிருக்கிறது. எதிர்ப்பு மண்டலம் அதைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது.

குடல் என்று சொன்னேன் இல்லையா, அது முக்கியமான இடம். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே குடல் சுவரில் இருக்கும் சிடி4 செல்கள் பெருமளவு அழிந்துபோகின்றன. அந்தச் சுவர் பிறகு பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை. குடல் பாக்டீரியாக்களின் துணுக்குகள் அதன் வழியே ரத்தத்தில் கசிந்து அழற்சியைத் தூண்டுகின்றன. மருந்தே இல்லாமல் வைரஸைக் கட்டுக்குள் வைத்திருக்கும் அபூர்வமான சிலரிடம்கூட ரத்தக் குழாய்ச் சேதம் காணப்படுகிறது. வைரஸ் எண்ணிக்கை ஒன்றே கணக்கு அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சிகிச்சை தொடங்கும் முன் சிடி4 மிகவும் கீழே போயிருந்தவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை.

5. மாத்திரைதான் இதயத்தைக் கெடுக்கிறது என்கிறார்கள். கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

இதே யோசனை ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கும் இருந்தது. மருந்துக்கு இடைவெளி விட்டால் பக்கவிளைவு குறையும், இதயமும் பிழைக்கும் என்று நினைத்தார்கள். அதைச் சோதிக்கத்தான் ஸ்மார்ட் ஆய்வு நடந்தது. 33 நாடுகளில் 5,472 பேர். ஒரு பாதி தொடர்ந்து மருந்து எடுத்தது. மறுபாதி சிடி4 350-க்கு மேல் இருக்கும்போது நிறுத்தி, 250-க்குக் கீழே போனால் மறுபடி தொடங்கியது. முடிவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. நிறுத்தியவர்களிடம் இறப்பு அதிகம், தொற்றுகள் அதிகம். எதைக் காப்பாற்ற நிறுத்தினார்களோ அந்த இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறுகளும் அதிகம். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2006-இல் முடிவு வெளியானது. மருந்தை விட்ட ஒரே மாதத்தில் ரத்தத்தில் அழற்சியையும் உறைதலையும் காட்டும் அளவீடுகள் ஏறியிருந்ததும் பிறகு தெரியவந்தது.

2015-இல் வந்த ஸ்டார்ட் ஆய்வு, சிடி4 500-க்கு மேல் இருக்கும்போதே சிகிச்சை தொடங்கியவர்களுக்குக் கடுமையான நோய்களும் இறப்பும் பாதிக்கும் கீழே குறைந்ததைக் காட்டியது. சில மருந்துகளுக்கு இதயம் சார்ந்த குறைகள் உண்டு, அடுத்த பதிலில் சொல்கிறேன். அதற்குத் தீர்வு வேறு மருந்துக்கு மாறுவது. மருந்தே இல்லாமல் இருப்பது தீர்வே இல்லை.

6. சரி, எந்த எச்.ஐ.வி மருந்தில் கவனம் வேண்டும்?

முதலில் அபகாவிர். 2008-இல் டி.ஏ.டி என்ற பெரிய தொடர் ஆய்வு, அண்மையில் அபகாவிர் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு கூடுவதைக் காட்டியது. அப்புறம் வந்த ஆய்வுகளில் சில ஒத்துப்போயின, சில மறுத்தன. வாதம் நீண்டாலும் நடைமுறை எளிது: இதய நோய் இருப்பவருக்கும் ஆபத்து அதிகம் உள்ளவருக்கும் வேறு வழி இருந்தால் அபகாவிரைத் தவிர்ப்பார்கள். என் கருத்தும் அதுவே.

அடுத்து, ரிட்டோனாவிரோடு சேர்த்துத் தரப்படும் லோபினாவிர். இது கொழுப்பை, குறிப்பாக டிரைகிளிசரைடை ஏற்றும். தருணாவிருக்கும் நீண்டகாலப் பயன்பாட்டில் ஓரளவு தொடர்பு காணப்பட்டது, அட்டசனாவிருக்குக் காணப்படவில்லை. எஃபாவிரென்ஸ் கொழுப்பைச் சற்று ஏற்றும். பழைய டெனோஃபோவிர் டைசோபுராக்சில் கொழுப்பைக் கொஞ்சம் இறக்கும், ஆனால் சிறுநீரகத்தையும் எலும்பையும் கவனிக்க வேண்டும். அதன் புதிய வடிவமான அலஃபினமைடுக்கு மாறியதும் "திடீரென்று கொலஸ்ட்ரால் ஏறிவிட்டது" என்று வருபவர்கள் உண்டு. பழைய மருந்து அழுத்தி வைத்திருந்தது விலகியதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம்.

7. டோலுடெகிராவிர் ஆரம்பித்ததிலிருந்து எடை ஏறுகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்துவது பற்றி 5-ஆம் பதிலிலேயே சொல்லியாயிற்று. டோலுடெகிராவிர் என்ற எச்.ஐ.வி மருந்தில் எடை ஏறுவது உண்மை. நோயால் இளைத்தவர் தேறுவது அதில் ஒரு பங்கு, மருந்து இன்னொரு பங்கு. டெனோஃபோவிர் அலஃபினமைடும் சேர்ந்தால் கூடுதலாக ஏறுகிறது, பெண்களுக்கு இன்னும் அதிகம். மருந்தை மாற்றினால் ஏறிய எடை இறங்கிவிடும் என்று நம்ப முடியாது. மாறியும் அப்படியே இருப்பவர்கள் நிறைய.

எடை இயந்திரத்தை விட இடுப்புச் சுற்றளவையும் சுகரையும் பிரஷரையும் கவனியுங்கள். வயிற்றுக்குள் சேரும் கொழுப்புதான் இதயத்துக்குக் கேடு.

8. எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?

ரத்த அழுத்தம் ஒவ்வொரு முறை போகும்போதும். கொழுப்பும் சுகரும் சிகிச்சை தொடங்கும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை போலவும், மருந்து மாற்றிய சில மாதங்களிலும். கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்ப்பது நல்லது. சிறுநீரகம் கெட்டால் இதயமும் சேர்ந்து கெடும். பெற்றோர், உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதைச் சொல்ல மறக்காதீர்கள்.

சுகரில் ஒரு நுணுக்கம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி, எச்.ஐ.வி மருந்து எடுக்கும் சிலரிடம் உண்மையை விடக் குறைவாகக் காட்டலாம். அதனால் வெறும் வயிற்றுச் சுகரையும் சேர்த்துப் பார்ப்பார்கள். தொந்தரவு இல்லாதவருக்கு ஆண்டுதோறும் ஈ.சி.ஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் தேவையில்லை. ஈ.சி.ஜி சரியாக இருப்பதால் குழாயில் திட்டு இல்லை என்றும் ஆகிவிடாது.

9. ரிஸ்க் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், 4 சதவீதம் என்கிறது. நம்பலாமா?

குறைந்தபட்சம் இவ்வளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பைச் சொல்லும் வழக்கமான கணக்கீடுகள் வயது, பிரஷர், கொழுப்பு, புகை ஆகியவற்றைக் கேட்கும், எச்.ஐ.வியைக் கேட்காது. அதனால் உண்மையான ஆபத்தைக் குறைத்துக் காட்டலாம். பெண்களுக்கு இந்தக் குறைவு இன்னும் அதிகம். 2018-இல் வந்த அமெரிக்கக் கொழுப்புச் சிகிச்சை வழிகாட்டி, எச்.ஐ.வியை ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது.

10. என் கொலஸ்ட்ரால் நார்மல். ஆனால் டாக்டர் ஸ்டாடின் எழுதுகிறார். எதற்கு?

ஸ்டாடின் என்பது கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை வகை. உங்கள் மருத்துவர் ரிப்ரீவ் ஆய்வைப் படித்திருக்கிறார் என்று அர்த்தம். 12 நாடுகளில், 40 முதல் 75 வயது வரையுள்ள 7,769 பேர். எல்லாரும் ஏ.ஆர்.டி எடுப்பவர்கள். இதய ஆபத்து குறைவு அல்லது நடுத்தரம்தான். அன்றைய வழக்கப்படி பலருக்கு ஸ்டாடினே எழுதியிருக்க மாட்டார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 4 மில்லிகிராம் பிட்டாவாஸ்டாடின், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில், ஸ்டாடின் எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் 35 சதவீதம் குறைந்தன. பலன் தெளிவாகிவிட்டதால் ஆய்வை முன்கூட்டியே முடித்து 2023-இல் வெளியிட்டார்கள்.

கெட்ட கொழுப்பு இறங்கியது ஒரு காரணம். ஆனால் அந்த இறக்கத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் வருவதை விடப் பலன் கூடுதலாக இருந்தது. ஸ்டாடின் அழற்சியையும் தணித்துத் திட்டை உறுதியாக்குவது இதில் பங்கு வகித்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். ரிப்போர்ட் நார்மல் என்பதால் உங்களுக்குப் பலனில்லை என்றாகாது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து ஆண்டுகள் சுமார் 106 பேர் எடுத்தால் ஒருவருக்கு ஒரு பெரிய நிகழ்வு தவிர்க்கப்படும். நாற்பத்தோரு வயதில் வேறு ஆபத்து எதுவும் இல்லாதவர் "யோசித்துச் சொல்கிறேன்" என்றால் அதில் தவறில்லை. ஆனால் 5 சதவீதமோ அதற்கு மேலோ ஆபத்து கணக்கிடப்பட்டவர் தயங்கினால் நான் சற்று அழுத்தியே பேசுவேன். 2024-இல் வந்த அமெரிக்கப் பரிந்துரையும் அந்த அளவில்தான் உறுதியாகச் சொல்கிறது.

11. ஸ்டாடின் எடுத்தால் தசை போய்விடும், சுகர் வந்துவிடும் என்கிறார்களே?

மேலே சொன்ன ஆய்விலேயே இதற்கும் கணக்கு இருக்கிறது. தசைத் தொந்தரவு ஸ்டாடின் எடுத்தவர்களில் 2.4 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 1.4 சதவீதம். புதிதாகச் சுகர் வந்தது 5.3 சதவீதம், மறுபக்கம் 4 சதவீதம். வித்தியாசம் உண்டு, ஆனால் சிறியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் தசை வலித்தது என்பதைக் கவனியுங்கள்.

கடுமையான தசைவலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் ஸ்டாடின் தொடங்கும் முன் சொல்லிவிட வேண்டும்.

12. வீட்டில் அம்மாவுக்கு எழுதிய கொழுப்பு மாத்திரை இருக்கிறது. அதையே போடலாமா?

வேண்டவே வேண்டாம். ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் இரண்டும் மற்ற எச்.ஐ.வி மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றி நிறுத்துவதற்காகச் சேர்க்கப்படுபவை. கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் ஒரு நொதியை முடக்கித்தான் அவை இதைச் செய்கின்றன. அதே நொதியால் சிதைய வேண்டிய சிம்வாஸ்டாடினும் லோவாஸ்டாடினும் அப்போது பல மடங்கு தேங்கி, தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகும் அளவுக்குப் போகலாம். இந்தச் சேர்க்கை அறவே கூடாது.

அடோர்வாஸ்டாடினையும் ரோசுவாஸ்டாடினையும் அளவைக் கட்டுப்படுத்தித் தருவார்கள். பிட்டாவாஸ்டாடினுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. ரிப்ரீவ் ஆய்வுக்கு அதைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம். எஃபாவிரென்ஸ் எடுப்பவர்களுக்கு நிலைமை நேரெதிர்: அது சில ஸ்டாடின்களைச் சீக்கிரம் சிதைத்துப் பலனைக் குறைக்கும். டோலுடெகிராவிர் எடுப்பவர்கள் இந்த விஷயத்தில் நிம்மதியாக இருக்கலாம், ஸ்டாடின்களோடு அதற்குச் சண்டையில்லை.

13. ஸ்டாடின் சரி. வேறு எந்த மருந்தோடு மோதும்?

ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் எடுப்பவர்களுக்குத்தான் பட்டியல் நீளம். ஸ்டென்ட் வைத்தபின் ரத்தம் கட்டாமலிருக்கத் தரும் குளோபிடோக்ரெல் அவற்றோடு சரியாக வேலை செய்யாமல் போகலாம். அதே வேலை செய்யும் டிகாக்ரெலோர் அளவுக்கு மீறி ஏறி ரத்தக் கசிவு உண்டாக்கலாம். அதனால் பிராசுக்ரெல் பக்கம் போவார்கள், ஆனால் முன்பே பக்கவாதம் வந்தவருக்கு அதுவும் ஆகாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவராக்சபானும் தேங்கும். பிரஷருக்கான அம்லோடிபினைக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் ஃபுளுடிகசோனைக்கூடச் சொல்ல வேண்டும். இழுக்கும் மருந்துதானே என்று விட்டுவிட்டு, முகம் ஊதி, சுகரும் பிரஷரும் ஏறி வருபவர்கள் உண்டு.

டோலுடெகிராவிர் எடுப்பவர்களுக்கு முக்கியமாக இரண்டு. மெட்ஃபார்மினின் அளவை அது ஏற்றும், அதனால் பொதுவாக ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்ட மாட்டார்கள். கால்சியம், இரும்பு மாத்திரைகளையும் வயிற்று அமிலத்தைத் தணிக்கும் ஆன்டாசிட் மருந்துகளையும் டோலுடெகிராவிர் எடுத்து 2 மணி நேரத்துக்குப் பிறகோ, 6 மணி நேரம் முன்போ எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எச்.ஐ.வி மருந்தே உடம்பில் சேராது.

14. இவ்வளவு மாத்திரை போடுகிறேன், ஒரு சிகரெட் என்ன செய்துவிடும்?

மாத்திரை போடுவதால்தான் சிகரெட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. டென்மார்க்கில் எச்.ஐ.வி உள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல சிகிச்சையில் இருந்தவர்கள் புகையால் இழந்த ஆயுள் சுமார் 12 ஆண்டுகள், எச்.ஐ.வியால் இழந்தது சுமார் 5 ஆண்டுகள். வைரஸை விடச் சிகரெட் இரண்டு மடங்குக்கும் மேல் எடுத்துக்கொண்டது.

விட்டால் பலன் உண்டா என்பது அடுத்த கேள்வியாக வரும். உண்டு, நிறுத்திய பின் ஆண்டுக்கு ஆண்டு மாரடைப்பு ஆபத்து இறங்குவதை 6-ஆம் பதிலில் சொன்ன டி.ஏ.டி ஆய்வே காட்டியது. நிகோடின் பசை, நிகோடின் மிட்டாய், வரெனிக்ளின் மாத்திரை ஆகியவை ஏ.ஆர்.டியோடு பொதுவாக மோதுவதில்லை. வெறும் மன உறுதியை மட்டும் நம்பாமல் இந்த உதவிகளைக் கேட்டு வாங்குங்கள்.

15. பிரஷர் 145 இருக்கிறது, ஆனால் தலைசுற்றல் ஒன்றும் இல்லை. மாத்திரை தேவையா?

தலைசுற்றலை வைத்துப் பிரஷரை அளக்க முடியாது. பெரும்பாலானவர்களுக்கு எதுவுமே தெரியாது. பக்கவாதத்துக்கு, அதிலும் மூளையில் ரத்தம் கசிவதற்கு, மிகப் பெரிய காரணம் இதுதான். வேறு வேறு நாட்களில் அளந்தும் 140-ஐத் தாண்டினால் மருந்து பற்றிப் பேச வேண்டும். முடிந்தால் 130/80-க்குக் கீழே வைப்பது நல்லது. உப்பைக் குறையுங்கள், நடங்கள். வலிமாத்திரைகளை அடிக்கடி போட்டாலும் பிரஷர் ஏறும்.

16. முன்ஜாக்கிரதையாகத் தினமும் ஆஸ்பிரின் போடட்டுமா?

மாரடைப்போ அடைப்பால் வந்த பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவருக்கு, ஸ்டென்ட் வைத்தவருக்கு மருத்துவர் எழுதித் தருவார். எதுவும் வராதவர் தானாகப் போட வேண்டாம். வயிற்றிலும் மூளையிலும் ரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து, கிடைக்கும் பலனைத் தின்றுவிடும்.

17. தம்பிக்கு 33 வயது. பிரஷர், சுகர் எதுவும் கிடையாது. அவனுக்கு எப்படிப் பக்கவாதம் வந்தது?

எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு வரும் பக்கவாதம் எல்லாமே கொழுப்புத் திட்டால் வருவதில்லை. சிடி4 குறைவாக இருக்கும்போது மூளைக் காசநோய், சிபிலிஸ், சின்னம்மை வைரஸ் மறுபடி தலைதூக்குவது, கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை ஆகியவை மூளையின் ரத்தக் குழாய்களை நேரடியாகவே அழற்சிக்கு உள்ளாக்கி அடைத்துவிடும். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியால் மூளையில் வரும் கட்டி பக்கவாதம் போலவே கை காலை இழுக்கும், ஆனால் அதற்குச் சிகிச்சை வேறு. அதனால்தான் இத்தகைய இளவயதினருக்கு ஸ்கேனோடு முதுகுத் தண்டு நீரையும் பரிசோதிக்கிறார்கள். மறுபக்கம், காரணம் தெரியாத பக்கவாதத்தோடு வரும் இளைஞர் யாராக இருந்தாலும் எச்.ஐ.வி பரிசோதனையும் செய்ய வேண்டும்.

மலாவி நாட்டு ஆய்வு ஒன்றில் ஏ.ஆர்.டி தொடங்கிய முதல் ஆறு மாதங்களில் பக்கவாத ஆபத்து கூடியிருந்தது. மீண்டெழும் எதிர்ப்பு சக்தி, பதுங்கியிருந்த தொற்றுகளின் மேல் ஒரேயடியாகப் பாய்வது இதற்குக் காரணமாக இருக்கலாம். மருந்து தொடங்கவே பயப்பட இது காரணம் இல்லை. சிகிச்சையே இல்லாதவர்களுக்கும் அதே ஆய்வில் ஆபத்து கூடுதலாகத்தான் இருந்தது. அந்த முதல் மாதங்களில் புதிதாகத் தலைவலி, குழப்பம், பார்வை மங்கல் வந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள்.

18. வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? உடனே என்ன செய்வது?

பக்கவாதம்: முகம் ஒரு பக்கம் கோணும், ஒரு கை தூக்க வராது, பேச்சு குழறும். மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலே கிளம்புங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள், அங்கே கேட்கும் முதல் கேள்வி அதுதான். வாயில் தண்ணீர், மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம். ஆஸ்பிரினும் கூடாது. அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

மாரடைப்பு: நெஞ்சில் பாரம் அல்லது இறுக்கம், கைக்கும் தாடைக்கும் முதுகுக்கும் பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சு முட்டல். பெண்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் குமட்டலுமாக வரலாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், தானே வண்டி ஓட்டிப் போக வேண்டாம். ஊசியோ ஸ்டென்டோ பைபாஸோ, எச்.ஐ.வி இருப்பதால் மட்டும் எதையும் மறுக்க மருத்துவக் காரணம் இல்லை. மருந்துச் சீட்டை எடுத்துப் போக மறக்காதீர்கள்.

19. இதய டாக்டரிடம் எச்.ஐ.வி இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டுமா? சொன்னால் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது.

அந்தப் பார்வையைச் சந்தித்தவர்கள் சொல்லும்போது எனக்குப் பதில் சட்டென்று வருவதில்லை. பயம் நியாயமானது. இருந்தாலும் சொல்லுங்கள் என்றுதான் சொல்வேன். 12, 13 பதில்களைத் திரும்பப் பாருங்கள்: நீங்கள் எதை எடுக்கிறீர்கள் என்று தெரியாமல் அவர் எழுதும் சீட்டு, அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், உங்களுக்கு ஆபத்தாகலாம்.

வெளியே பலர் முன்னால் சொல்லத் தேவையில்லை. தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். வாயால் சொல்ல வராவிட்டால் மருந்துப் பட்டியலை நீட்டுங்கள், படித்தால் அவருக்கே புரிந்துவிடும். ஏ.ஆர்.டி மருத்துவரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிப் போவதும் நல்ல வழி. மருந்துக் கடையில் தானாக வாங்கும் மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

20. கேட்கவே கூச்சமாக இருக்கிறது... ஆண்மைக்கான மாத்திரை போடலாமா?

கூச்சப்பட்டுக் கேட்காமல் போடுவதுதான் ஆபத்து. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் வகை மாத்திரை எடுப்பவர் சில்டெனாஃபில் போட்டால் ரத்த அழுத்தம் உயிர் போகும் அளவுக்கு விழலாம். இது எச்.ஐ.வி இல்லாதவருக்கும் பொருந்தும். ரிட்டோனாவிரோ கோபிசிஸ்டாட்டோ எடுப்பவருக்குச் சில்டெனாஃபில் பல மடங்கு தேங்குவதால், 48 மணி நேரத்துக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் கூடாது.

இன்னொன்று. விறைப்புக் குறைவு சில சமயம் இதயக் குழாய் நோயின் முன்னறிவிப்பு. அங்குள்ள குழாய்கள் சிறியவை, அதனால் முதலில் தெரிகிறது. மாத்திரை கேட்டு வரும்போதே பிரஷர், சுகர், கொழுப்பையும் பார்த்துவிடுங்கள்.

21. பெண்களுக்கு மாரடைப்பு அவ்வளவாக வராதே?

எச்.ஐ.வி இல்லாத பெண்களோடு ஒப்பிட்டால் எச்.ஐ.வி உள்ள பெண்களுக்குக் கூடும் மடங்கு, ஆண்களில் கூடுவதை விட அதிகமாகவே காணப்படுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஆபத்து ஏறும். கர்ப்பகாலத்தில் பிரஷரோ சுகரோ வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், பிற்கால இதய ஆபத்துக்கு அது ஒரு குறிப்பு. வீட்டில் எல்லாருடைய மாத்திரை நேரத்தையும் நினைவு வைத்திருப்பவர் தன் பிரஷரை மட்டும் அளந்தே பார்த்திருக்க மாட்டார். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

22. ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. இப்போது ஏ.ஆர்.டியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பெரும்பாலும் நல்ல யோசனைதான். அபகாவிர் இருந்தால் எடுப்பது, ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் இல்லாத கூட்டு மருந்துக்கு மாறுவது, இரண்டும் இதய மருந்துகளைத் தேர்ந்தெடுப்பதை எளிதாக்கும். ஆனால் மாற்றும் முடிவை ஏ.ஆர்.டி மருத்துவர்தான் எடுக்க வேண்டும், இதயப் பிரிவில் எடுக்கக்கூடாது.

அதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்ப்பார்கள். முன்பு எந்த மருந்துக்கு வைரஸ் பழகிப்போயிருந்தது என்பது ஒன்று. பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இங்கே உதவும். ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்பது இன்னொன்று. டெனோஃபோவிர் அந்த வைரஸையும் அடக்கி வைத்திருக்கிறது. அது தெரியாமல் டெனோஃபோவிர் இல்லாத மருந்துக்கு மாற்றினால் கல்லீரல் அழற்சி திடீரென்று கிளம்பலாம். மாற்றிய சில வாரங்களில் வைரல் லோடும், இரண்டு மூன்று மாதங்களில் கொழுப்பும் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். ஸ்டென்டுக்கான மாத்திரைகளையும் மாற்றத் தேவையா என்று அதே நேரத்தில் கேட்டுவிடுங்கள். ரிட்டோனாவிர் போனதும் சிலவற்றின் அளவைத் திரும்பச் சரிசெய்ய வேண்டிவரும்.